கசகசா: மளிகைக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் லாங் பஜார் பக்கம் மளிகைக் கடையில் உட்கார்ந்தால், கசகசா கேட்டு வருகிறவர் யார் என்பது கேட்கும் அளவிலேயே தெரிந்துவிடும். குருமாவுக்கு ஐம்பது கிராம் கேட்டால் உள்ளூர்க்காரர். எடுத்த எடுப்பில் அரைக் கிலோ கேட்டால், சி.எம்.சி.யில் வைத்தியம் பார்க்க வந்து லாட்ஜில் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் வங்காளக் குடும்பம். பாக்கெட்டை எடுத்துவிட்டு, "இதை துபாய்க்கு அனுப்பலாமாண்ணா?" என்று கேட்பவர், வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைக்குச் சாமான் கட்டுகிறவர். அவருக்கு மட்டும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: அனுப்பாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

கசகசா நிஜமாகவே அபின் செடியின் விதையா?

ஆமாம், அதே செடிதான். தாவரவியல் பெயர் பாப்பவர் சோம்னிஃபெரம். பூ உதிர்ந்ததும் நெல்லிக்காய் அளவுக்கோ அதற்கும் பெரிதாகவோ ஒரு காய் பிடிக்கும். காய் பச்சையாக இருக்கும்போது தோலை மெல்லக் கீறினால் வடிகிற பால் உறைந்து அபினாகிறது. அதே காய் முற்றிக் காய்ந்தபின் உடைத்தால் உள்ளே இருப்பது கசகசா.

அபினுக்குப் போதையைத் தரும் மார்ஃபின் இருப்பது காயின் சுவரில் ஓடும் பாலில். விதை அதைத் தயாரிப்பதில்லை. அறுவடையில் காய் உடையும்போது ஒட்டிய பாலும் தூசியும்தான் விதையின் மேல் கொஞ்சம் தங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கசகசாவின் விலை, சட்டம், விமான நிலையத் தொல்லை, ஊறவைத்துக் கழுவச் சொல்வது எல்லாவற்றுக்கும் காரணம் பிடிபட்டுவிடும்.

அப்படியென்றால் விற்பதும் வாங்குவதும் குற்றமில்லையா?

இல்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் காய்ந்த செடியின் மற்ற எல்லாப் பாகங்களையும் கட்டுப்படுத்துகிறது, விதையை மட்டும் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் அந்த விதையைத் தொட்டியில் தூவி வளர்க்கக் கூடாது. "மாடியில் நாலு செடி, பூ அழகாக இருக்குமே" என்று ஒரு அக்கா கேட்டார். உரிமம் இல்லாமல் பயிரிட்டால் பத்து ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. செம்பருத்தி வையுங்கள்.

ஏன் இந்த விலை விற்கிறது?

முந்திரியைவிடக் கசகசா விலை அதிகம் என்பதைப் பலர் பில்லைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். இதில் கடைக்காரன் சம்பாதிப்பது குறைவு, நம்புங்கள்.

இந்தியாவில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில், அரசு குறித்துக் கொடுக்கும் பகுதிகளில் மட்டுமே இது விளைகிறது. மந்த்சௌர், நீமச், சித்தோர்கர் பக்கம்தான் பெரும்பகுதி. குவாலியரில் தலைமையகம் உள்ள மத்திய போதைப்பொருள் பணியகம் ஆண்டுதோறும் விவசாயிகளுக்கு உரிமம் கொடுக்கிறது. பரப்பளவை அதிகாரிகள் வந்து அளப்பார்கள். அபின் முழுவதையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். விதையை விவசாயி சந்தையில் விற்றுக்கொள்ளலாம். மருந்துத் தொழிலுக்கு எவ்வளவு அபின் வேண்டும் என்று பார்த்துத்தான் அரசு பரப்பளவை முடிவு செய்கிறது. நம் வீட்டுக் குருமாவின் தேவை அந்தக் கணக்கிலேயே வராது.

பற்றாக்குறைக்கு இறக்குமதிதான் வழி, அதில் துருக்கிக்கு முதலிடம். அதற்கும் குவாலியரில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். சட்டப்படி பயிரிட்ட நாட்டிலிருந்து வந்தது என்ற சான்றும் வேண்டும். அனுமதி தாமதமானாலோ அங்கே விளைச்சல் குறைந்தாலோ இங்கே விலை எகிறும். மத்தியப் பிரதேசத்தில் பிப்ரவரியில் ஒரு கெட்ட மழை பெய்தாலும் அதே கதை. பால் வடிக்கும் நேரம் அது.

கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

விலை ஏறிய பொருளில் கை வைக்கத்தான் செய்வார்கள். பழைய தந்திரம் ரவை. கொஞ்சம் வெந்நீரில் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். ரவை ஊதிப் பிசுபிசுப்பாகிவிடும், கசகசா தன் உருவம் மாறாமல் கிடக்கும்.

இன்னொன்று தண்டுக்கீரை வகையின் விதை. வடக்கே ராஜ்கிரா என்று விரதத்துக்குச் சாப்பிடுவார்களே, அது. நிறம், அளவு எல்லாம் கசகசா போலவே இருப்பதால் இது கண்ணை ஏமாற்றும். ஒரு சிட்டிகையைக் கறுப்புத் துணியிலோ போன் கண்ணாடியிலோ தூவி, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீரை விதை வழுவழுப்பாக, தட்டை வட்டமாக, ஓரத்தில் மெல்லிய விளிம்போடு இருக்கும். கசகசா சிறுநீரக வடிவில் ஒரு பக்கம் உள்வாங்கி, மேலெல்லாம் தேன்கூடு மாதிரி வலைக்கோடு ஓடியிருக்கும். ஒரு கிராமில் இரண்டாயிரம், மூவாயிரம் விதை இருக்கும் பொருளில் ஒவ்வொன்றின் மேலும் இவ்வளவு நுணுக்கமான வேலைப்பாடா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

வாயில் போட்டு மென்றும் பார்க்கலாம். நல்ல கசகசாவில் மெல்லிய கொட்டை வாசனையும் லேசான இனிப்பும் இருக்கும். கசந்தாலோ பழைய எண்ணெய் வாடை வந்தாலோ அது கலப்படமில்லை, நாள்பட்ட சரக்கு. அதையும் வாங்காதீர்கள்.

ஊறவைத்தால் ஜெல்லி மாதிரி உப்புகிறதே?

அது சப்ஜா. ஃபலூதாவில் போடுவது, திருநீற்றுப்பச்சிலை விதை. இலங்கைத் தமிழர்கள் அதையே கசகசா என்பார்கள் என்பதால், அவர்கள் எழுதிய சமையல் குறிப்பைப் படிக்கும்போது கவனம் தேவை. நம் கசகசா எவ்வளவு ஊறினாலும் உப்பாது.

குருமாவுக்கு எவ்வளவு, எப்போது சேர்ப்பது?

நாலு பேருக்கான குருமாவுக்கு இரண்டு டீஸ்பூன் போதும். கூட அரை மூடித் தேங்காய், ஒரு டீஸ்பூன் சோம்பு, ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை. கசகசாவைக் கூட்டினால் ருசி கூடும் என்று நினைப்பது தவறு. ஓர் அளவுக்கு மேல் குழம்பு களிபோல் கெட்டியாகி, மசாலா வாசனை எல்லாம் அமுங்கிப்போகும்.

கசகசாவின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். நன்றாக மையாக அரைத்தால் அந்த எண்ணெய் பொடிப் பொடித் துளிகளாகப் பிரிந்து, விதையிலுள்ள புரதத்தோடு சேர்ந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். குருமாவுக்கு வரும் வழுவழுப்பும் கனமும் இப்படி வருவதுதான். அரைகுறையாக அரைத்தால் நாக்கில் மணல்.

அரைத்த விழுதைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். காய் வெந்து, கறியாக இருந்தால் கறி முழுதாக வெந்தபின் ஊற்றி, சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் கொதித்தால் பச்சை வாசனை போய்விடும். குக்கரில் கறியோடு சேர்த்துப் போட்டு விசில் விடுகிறவர்கள்தான் "அடிப்பிடிக்குதுண்ணா" என்று வந்து நிற்கிறார்கள். விழுது அடியில் போய் உட்கார்ந்தால் தீயாமல் என்ன செய்யும்?

மிக்ஸியில் அரைபடவே மாட்டேன் என்கிறதே?

மிக்ஸி பிளேடுக்குக் கசகசா ரொம்பச் சின்னது. தண்ணீரோடு போட்டால் பிளேடைச் சுற்றி நீச்சல் அடிக்குமே தவிர மசியாது. வழி இரண்டு. வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, தண்ணீரை இறுத்துவிட்டு, சின்ன ஜாரில் தேங்காயோடு சேர்த்து முதலில் கெட்டியாக அரையுங்கள், தண்ணீர் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. அல்லது வெறும் வாணலியில் சிறு தீயில் வறுத்து, ஆறவிட்டு, தண்ணீரில்லாமல் பொடியாக்கிக்கொள்ளுங்கள். வறுக்கும்போது ஒன்றிரண்டு துள்ள ஆரம்பித்து வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும். பழுப்பாகிவிட்டால் கசக்கும்.

அம்மி இருக்கிற வீட்டில் இந்தக் கேள்வியே எழாது. நாலு இழுப்பில் வெண்ணெயாகிவிடும்.

கழுவுவதற்கு டீ வடிகட்டி கூடப் போதாது, மெல்லிய துணியில் வடியுங்கள். இல்லாவிட்டால் காசு சாக்கடையில்.

ஆம்பூர் பிரியாணியில் கசகசா உண்டா?

பிரியாணியில் இல்லை. சீரகசம்பா அரிசியும் ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயும்தான் ஆம்பூர் முறையின் அடையாளம், அதில் கசகசாவைப் போட்டால் அரிசியில் பசை ஏறும். தொட்டுக்கொள்ளத் தருகிற கத்தரிக்காயில் எள்ளும் வேர்க்கடலையும் அரைத்துவிடுவார்கள். வாணியம்பாடி, ஆம்பூர் வீடுகள் சிலவற்றில் அதோடு கசகசாவும் சேரும். இலவம்பாடி முள் கத்தரிக்காய் கிடைக்கிற நாளில் ஒரு டீஸ்பூன் சேர்த்துப் பாருங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தக் கத்தரிக்காயின் சதை சீக்கிரம் குழைந்து எண்ணெயை உறிஞ்சும், கசகசா விழுது அதோடு நன்றாக ஒட்டும்.

வங்காளிகள் ஏன் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள்?

நமக்குக் கசகசா குழம்புக்குள் ஒளிந்திருக்கும் பொருள். அவர்களுக்கு அதுவே கறி. போஸ்தோ என்பார்கள். பாங்குரா, பீர்பூம், பர்த்தமான் பக்கம் சோறு, உளுத்தம்பருப்பு, போஸ்தோ என்பது வெயில் காலத்து அன்றாடச் சாப்பாடு.

இதன் பின்னால் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 1757 பிளாசிப் போருக்குப் பிறகு வங்காளமும் பீகாரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அபின் வியாபாரத்தைக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். நெல் விளைந்த நிலத்தில் அபின் செடி ஏறியது, அபின் கப்பலேறிச் சீனாவுக்குப் போனது. பால் எடுத்தபின் மிஞ்சிய காயில் கிடந்த விதையை ஏழை வீடுகள் அரைத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிடத் தொடங்கின என்று வங்காளிகள் சொல்வார்கள். அன்று ஒன்றுமில்லாதவன் சாப்பாடாக இருந்ததை இன்று விலையைக் கணக்குப் பார்த்து வாங்குகிறார்கள்.

காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் வங்காளச் சாப்பாட்டுக் கடைகளில் ஆலு போஸ்தோ கேட்டுச் சாப்பிடலாம். வீட்டில் செய்வதும் சுலபம். ஐம்பது கிராம் கசகசாவை ஊறவைத்து இரண்டு பச்சை மிளகாயோடு கெட்டியாக அரைத்துக்கொள்ளுங்கள். கடுகெண்ணெயைப் புகைய விட்டுக் காரம் தணிந்தபின் கருஞ்சீரகம் தாளித்து, சிறு சதுரமாக நறுக்கிய உருளைக்கிழங்கைப் போட்டு வதக்கி, மூடி வேகவிடுங்கள். முக்கால் வேக்காட்டில் விழுது, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. தண்ணீர் வற்றிக் கிழங்கின் மேல் விழுது போர்த்திக்கொண்டதும், மேலே கொஞ்சம் பச்சைக் கடுகெண்ணெய் விட்டு இறக்கிவிடலாம். வெங்காயம், பூண்டு, மஞ்சள் எதுவும் கிடையாது. நம் நாக்குக்கு முதல் கவளம் சப்பென்று இருக்கலாம். ரசத்துக்குத் தொட்டுக்கொண்டு பாருங்கள், பிறகு பேசுவோம்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

நடு ஐரோப்பாவில் கசகசா என்றாலே இனிப்புதான். அங்கே விளைவது நீலம் கலந்த கறுப்பு ரகம், செக் குடியரசு பெரிய உற்பத்தியாளர். போலந்தில் மகோவியெட்ஸ் என்று ஒரு சுருள் ரொட்டி: கசகசாவைப் பாலில் வேகவைத்து, இரண்டு மூன்று முறை அரைத்து, தேனும் உலர்திராட்சையும் கலந்து, மாவின் மேல் விரல் கனத்துக்குப் பூசிச் சுருட்டிச் சுடுவார்கள். வெட்டினால் மாவைவிடக் கறுப்புதான் அதிகம் தெரியும். ஹங்கேரியில் இதற்கு இணை பெய்க்லி. கிறிஸ்துமஸ் முன்னிரவில் போலந்தின் கிழக்குப் பகுதியிலும் உக்ரைனிலும் கோதுமை, கசகசா, தேன் சேர்த்த குத்யா உண்பார்கள். லித்துவேனியாவில் கசகசாவை அரைத்துப் பால் பிழிந்து, நாம் தேங்காய்ப்பால் எடுப்பது போலவேதான், அதில் சின்ன ரொட்டித் துண்டுகளைப் போட்டுச் சாப்பிடுவார்கள். யூதர்கள் பூரிம் பண்டிகைக்குச் செய்யும் முக்கோணப் பலகாரத்தின் பழைய பூரணமும் இதுதான். இதற்கென்றே கைப்பிடி சுற்றும் அரவைக் கருவி அந்த ஊர்களில் உண்டு. நம் மிக்ஸிக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

துருக்கியில் அஃபியோன்கரஹிசார் என்ற ஊரின் பெயரிலேயே அபின் இருக்கிறது. வறுத்து அரைத்த கசகசா விழுதை ரொட்டி மாவில் தடவி மடித்துச் சுடுவது அந்தப் பக்கத்துப் பழக்கம். அமெரிக்க நெருக்குதலால் 1971-இல் துருக்கி அபின் செடிக்குத் தடை அறிவித்தது. விவசாயிகள் தவித்துப்போனதில் 1974-இல் தடை நீங்கியது. ஆனால் காயைக் கீறுவதை விட்டுவிட்டு, முழுதாகக் காயவைத்து ஆலைக்கு அனுப்பும் முறைக்கு மாறினார்கள். காய்க்கூடு மருந்துக்குப் போகிறது, விதை லாங் பஜாருக்கு வருகிறது.

ஜப்பானில் ஷிச்சிமி என்ற ஏழு பொருள் மசாலாவில் ஒன்றாகவும், ஆன்பான் என்ற பயற்றுப் பூரண பன்னின் மேலும் தூவுகிறார்கள். நம் நாட்டுக்குள்ளேயே மராட்டியர் அனர்சா என்ற இனிப்பைக் கசகசாவில் புரட்டிப் பொரிக்கிறார்கள். ஒரு காலத்தில் வட ஆற்காட்டோடு இருந்த சித்தூரில் நாட்டுக்கோழிக் குழம்புக்கு கசகசாவும் கொப்பரையும் வறுத்து அரைப்பதைப் பார்க்கலாம்.

கறுப்புக் கசகசாவைக் குருமாவில் போடலாமா?

ருசிக்குப் பாதகமில்லை, கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். குருமா சாம்பல் நிறமாகிவிடும், விருந்தாளி என்னவோ ஏதோ என்று பார்ப்பார். கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கசகசா பாயசம் குடித்தால் தூக்கம் வருமா?

கர்நாடகத்தில் விருந்துக்குக் கசகசா பாயசம் போட்டால் மத்தியானம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று கேலி செய்வார்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் கசகசா, ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி, தேங்காய் மூன்றையும் வறுத்து அரைத்து, வெல்லப்பாகில் கொதிக்கவிட்டு ஏலம் போட்டால் ஆயிற்று. என்னைக் கேட்டால், அந்தத் தூக்கத்தில் பெரும்பங்கு வயிறு நிறைய விருந்தும் வெல்லமும் செய்கிற வேலை. கழுவி, வறுத்து, அரைத்துக் கொதிக்கவைத்தால் விதையின் மேல் ஒட்டிய மார்ஃபின் பெரிதும் குறைந்துவிடும்.

ஆனால் மார்ஃபின் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு சரக்கிலும் அளவு மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல், கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. கழுவாத கசகசாவைக் கிலோக்கணக்கில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் குடித்து அமெரிக்காவில் இளைஞர்கள் இறந்திருக்கிறார்கள். இணையத்தில் யாராவது அப்படி ஒரு "இயற்கை டீ" சொன்னால் காது கொடுக்காதீர்கள்.

குழந்தை தூங்கப் பாலில் கலந்து கொடுக்கலாமா?

கூடாது. பாட்டி கொடுத்தார், நாங்களெல்லாம் வளரவில்லையா என்பார்கள். சிசுவின் மூச்சைக் கட்டுப்படுத்தும் நரம்பு மையம் மார்ஃபினுக்கு மிக எளிதில் அடங்கிவிடும். ஜெர்மனியில் கசகசாப் பால் கொடுத்த கைக்குழந்தைக்கு மூச்சு நின்று ஆஸ்பத்திரிக்கு ஓடிய சம்பவம் மருத்துவப் பதிவில் இருக்கிறது. பிள்ளை தூங்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

துபாய், சவுதி, சிங்கப்பூருக்கு எடுத்துப் போகலாமா?

இந்த மூன்று இடங்களிலும் தடை. "நம்ம ஊர் மசாலாதானே, சார்" என்று சொல்வதை அங்கே சுங்க அதிகாரி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். அந்த நாட்டுச் சட்டத்தில் அது போதைப்பொருள் வழக்கு, வேலையும் விசாவும் போய்விடும். குவைத், கத்தார் போகிறவர்களும் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

தடை தெரிந்தவர் யாரும் தனிப் பொட்டலம் வைப்பதில்லை. மாட்டிக்கொள்வது வேறு வழியில். வீட்டில் அரைத்துக் கொடுத்த கறி மசாலாப் பொடி, கடையில் வாங்கிய குருமா மசாலா, மேலே தூவிய பலகாரம் இவற்றில் இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் பொருள் பட்டியலைப் படியுங்கள். பயணத்துக்கு என்று சொன்னால் நாங்களே கசகசா இல்லாமல் சேர்த்துக் கொடுப்போம்.

கசகசா சாப்பிட்டால் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியுமா?

தெரியலாம். அமெரிக்காவில் வேலைக்கான பரிசோதனையில் கசகசா பன் சாப்பிட்டவர்கள் எல்லாம் மாட்டியதால்தான், 1998-இல் மார்ஃபின் வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-ஆக உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் 2023-இல் அமெரிக்க ராணுவத் துறை தன் வீரர்களைக் கசகசாவைத் தவிர்க்கச் சொன்னது. கப்பல் வேலை, வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல், விளையாட்டுப் போட்டி என்று பரிசோதனை இருந்தால் நாலைந்து நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

சத்து உண்டா?

நூறு கிராமில் 1,400 மில்லிகிராம் அளவுக்கு கால்சியம். கேட்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் நம் தட்டுக்கு வருவது அரை டீஸ்பூன். கால்சியத்துக்குக் கேழ்வரகும் பாலும் இருக்கின்றன.

கசகசாவுக்குப் பதிலாக என்ன போடலாம்?

குருமாவுக்கு முந்திரி பத்து போதும், கொஞ்சம் இனிப்பு கூடும் என்பதால் மிளகாயை ஒன்று ஏற்றிக்கொள்ளுங்கள். செலவு குறைய வேண்டுமென்றால் பொட்டுக்கடலையை இரட்டிப்பாக்கலாம், ஆறினால் குழம்பு இறுகும். எனக்குப் பிடித்தது வெள்ளரி விதை. நிறமும் வழுவழுப்பும் கிட்டத்தட்ட அப்படியே வரும், வளைகுடாக் கடைகளிலும் கிடைக்கும். வெள்ளை எள் கத்தரிக்காய்க்குச் சரி, கோழிக்கு வேண்டாம். ஆலு போஸ்தோவுக்கு மட்டும் மாற்றே கிடையாது.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

எண்ணெய் மிகுந்த விதை, அதுவும் சீக்கிரம் காறிப்போகிற வகை எண்ணெய். வேலூர் வெயிலில், அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்தால் இரண்டு மாதத்தில் வாடை வந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஆறு மாதம் தாங்கும். அரைத்த விழுது மறுநாளுக்கு மேல் வேண்டாம். பொடி செய்தால் ஒரு வாரத்துக்கானதை மட்டும் செய்யுங்கள். ஐம்பது கிராம் தீர்ந்ததும் அடுத்த ஐம்பது கிராம் வாங்கிக்கொள்வதே லாபம், கடைக்காரன் சொல்கிறேன்.